செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துக்கொள்ள வர நினைக்கும் பெண்ணுக்கு

தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 27. சென்னை ஓ.எம்.ஆரில் 400 ஃபிளாட் கொண்ட குடியிருப்பில் ஃபெசிலிட்டி எக்ஸிகியூட்டிவ் வேலை. சொந்தக்காரர் ஒருவர், "ஊர்ல பங்காளிகளோட பெரிய வீடு நாலு பூட்டிக் கிடக்கு, நீ வந்து பார்த்துக்கிறியா" என்று கேட்டாராம். அதைத் தொழிலாகவே எடுத்துச் செய்யலாமா, நான் எப்படி இதற்குள் வந்தேன், கொத்தனார் மேஸ்திரிகளிடம் ஒரு பெண் எப்படி வேலை வாங்குவது, முதல் வருஷம் கையில் என்ன நிற்கும் என்று நான்கு கேள்விகள். பணக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். மற்றதைப் படித்தால்தான் அது புரியும்.

என் அப்பா பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்குக் கணக்குப்பிள்ளை. நான் செட்டியார் வீட்டுப் பெண் இல்லை. அந்த வீட்டுச் சாவிக்கொத்து எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது, அவ்வளவுதான் உறவு. 1993இல் பி.காம். முடித்துவிட்டுக் காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஆறு வருஷம் வவுச்சர் அடுக்கினேன். கல்யாணமாகிச் சென்னை போனேன். அண்ணா நகரில் 64 வீடுள்ள ஓர் அப்பார்ட்மென்டில் அசோசியேஷன் கணக்கு எழுதப் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், வாட்ச்மேன் சண்டை என்று ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்து மேனேஜர் ஆனேன். யாரும் பதவி உயர்வு கொடுக்கவில்லை, வேறு ஆள் இல்லை. 2010இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ஊருக்குத் திரும்பினேன். ஆணியில் தொங்கிய சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. அப்போது நாலு வீடு. இப்போது கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கொத்தமங்கலம், ராயவரம் பக்கமாக 22 வீடு. நிரந்தர ஆட்கள் 9 பேர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே முக்கால்வாசி வேலை பங்காளிகளுக்குள் கணக்கு வைப்பது. கட்டடம் கால்வாசி. சென்னையில் ஒரு ஃபிளாட்டுக்கு ஒரு பெயர், மிஞ்சினால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பெயர். இங்கே ஒரு வீட்டுக்கு நாற்பது கையெழுத்து இருக்கும்.

காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். இந்த வீடுகள் பெரும்பாலும் 1850க்கும் 1940க்கும் நடுவில் எழுந்தவை. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யக் கடல் கடந்து, போன இடத்துப் பணம். 1930களின் மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் வயல் ஈடாக இவர்களிடம் வந்து சேர்ந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில். 1942இல் ஜப்பான்காரன் வந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. 1960களில் மிச்சமிருந்த வட்டிக் கடைகளும் போயின. வருமானம் நின்றுபோனது, வீடு நின்றபடியே நின்றது. வாரிசு மட்டும் பெருகிக்கொண்டே வந்தது. தாத்தாவுக்குத் தாத்தா தனி ஆளாகக் கட்டிய வீட்டில் இன்று ஓர் ஓடு மாற்றுவதற்குக் கோலாலம்பூர், டல்லாஸ், கோயம்புத்தூர், தி.நகர் என்று நாலு திசையிலும் சம்மதம் வாங்க வேண்டும்.

நகரத்தார், அதாவது இந்தச் செட்டியார்கள், வழக்கத்தில் பையனுக்குக் கல்யாணமானால் அவன் தனிப் புள்ளி, கணக்கில் தனிக் குடும்பம். வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அந்தத் தம்பதிக்கு. கொஞ்ச நாளில் 'வேறு வைத்து' விடுவார்கள். ஒரே கூரை, ஒரே முற்றம், ஆனால் அடுப்பு தனி, கணக்கு தனி. புதுப் பெண் சம்சாரம் நடத்தப் பழக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பொதுவில் என்ன செலவு, புள்ளிக்கு என்ன செலவு என்று பிரிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். அதனால்தான் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்கு முதலில் வரப்போகும் சண்டையும் இங்கிருந்துதான் வரும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐயாவுக்கு மூன்று மகன்கள். மூத்தவருக்கு ஒரே மகன், நடுவருக்கு ஐந்து, இளையவருக்கு இரண்டு. வருஷச் செலவு 2,40,000 ரூபாய். கிளைக் கணக்குப்படி ஒவ்வொரு கிளைக்கும் 80,000. ஒற்றை மகன் 80,000 கட்டுவார், ஐந்து பேர் ஆளுக்கு 16,000, இரண்டு பேர் ஆளுக்கு 40,000. தலைக் கணக்குப்படி எட்டுப் பேருக்கும் 30,000. ஒற்றை மகன் தலைக் கணக்கு கேட்பார், ஐந்து பேரும் கிளைக் கணக்கு கேட்பார்கள். சினிமா ஷூட்டிங் வாடகை வந்து விழுந்ததும் இரண்டு பக்கமும் அப்படியே இடம் மாறிக்கொள்ளும்! சட்டப்படி பங்கு கிளைவழியாகத்தான் இறங்குகிறது. ஆனால் நான் சட்டத்தை எடுத்துப் பேசுவதில்லை. ஒரு வீட்டை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரே ஒரு வரியில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குகிறேன்: வரவு எந்தக் கணக்கில் பிரிகிறதோ, செலவும் அந்தக் கணக்கில்தான் பிரியும். இதற்குக் கையெழுத்துப் போடாத வீட்டை எடுப்பதில்லை. மூன்று வீடு அப்படி விட்டுப் போயிருக்கிறது. வருத்தமில்லை.

மாதம் 5ஆம் தேதி எல்லாருக்கும் ஒரே பக்கம் போகும். 48இல் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் அதே பக்கம், அதே நிமிஷம். மேலே கெட்ட செய்தி, கீழே வரவு செலவு, அதற்குக் கீழே பில் படங்கள். வாட்ஸாப்பில் குழு ஆரம்பிக்காதீர்கள், பிராட்காஸ்ட் போதும். குழு என்றால் உங்கள் கணக்கை விட்டுவிட்டு 1974இல் யார் யாருக்குப் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் சடங்குக்கு) சொல்லவில்லை என்ற வழக்கு நடக்கும். வருஷக் கடைசியில் ஐந்தொகை போட்டு அனுப்புவேன். 'பேலன்ஸ் ஷீட்' என்று போட்டபோது யாரும் திறந்து பார்க்கவில்லை. 'ஐந்தொகை' என்று தலைப்பு வைத்த வருஷம், 81 வயது அண்ணன் ஒருவர் ஈப்போவிலிருந்து கூப்பிட்டு இரண்டாம் பக்கக் கூட்டலில் ஒரு தப்பு சொன்னார். தப்புதான்.

இந்த ஒழுங்கெல்லாம் அடி வாங்கி வந்தது. 2012இல் ஒரு வீட்டின் மூத்த பங்காளி போனில், "ஷூட்டிங்குக்குக் குடும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றார். கொடுத்துவிட்டேன். மூன்று நாள் வேலை. வந்தவர்கள் டிராலி தண்டவாளத்தை ஆத்தங்குடிக் கல் மேலேயே இழுத்ததில் 14 கல் சிராய்ந்து ஓரம் பெயர்ந்தது. சுண்ணாம்புச் சுவரில் ஏழு ஆணி. ஆத்தங்குடியில் அதே பூப்போட்ட கல் வார்த்து வாங்கலாம், வாங்கினேன். ஆனால் அந்தக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நடக்க நடக்கத்தான் மினுங்கும். எண்பது வருஷம் ஆட்கள் நடந்த கல்லுக்கு நடுவில் புதுக்கல் ஒட்டுப்போட்ட மாதிரி இன்றைக்கும் தெரிகிறது. அது போகட்டும். இரண்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டார். "ஏம்மா, டிவியில எங்க வீட்டு வளவுல யாரோ ஆடிக்கிட்டிருக்காங்களே, என்ன அது?" மற்ற கிளைகளுக்கு மூத்தவர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. மூத்தவர் சொன்னால் வீடே சொன்ன மாதிரி என்று நினைத்துவிட்டேன். அந்த வருஷ வாடகை பிரிப்பதற்குள் நான் இளைத்தே போனேன். இப்போது ஒவ்வொரு கிளையிலிருந்தும் எழுத்தில் ஒப்புதல் வராமல் கேட் திறப்பதில்லை. ஒப்பந்தத்தின் முதல் வரி 'ஆணி அடிக்கக் கூடாது'. கால் வைத்த எந்தச் சாமானுக்கும் அடியில் ரப்பர், அதற்குக் கீழே சாக்கு.

அடுத்து மழை. உங்கள் குடியிருப்பில் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) மோட்டார் போனால் அலாரம் அடிக்கும். இங்கே அலாரம் கிடையாது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால், ஆடி ஆவணியிலேயே கூரை வேலை முடிந்திருக்க வேண்டும். நாட்டு ஓட்டை உடைப்பது காற்றோ மழையோ இல்லை, குரங்கும் மயிலும். பர்மாத் தேக்கைக் கரையான் லேசில் தொடாது, ஆனால் பின்கட்டில் போட்டிருக்கும் நாட்டு மரமும் பனங்கையும் அதற்குப் பாயசம். ஓர் ஓடு விலகி ஒரு வருஷம் நீர் இறங்கினால் போதும், அடுத்த வருஷம் கூரையின் மரச் சட்டம் இறங்கும்.

2015 நவம்பரில் ராத்திரி பதினொரு மணிக்குக் கொத்தமங்கலம் வீட்டுப் பக்கத்துக்காரர் கூப்பிட்டார், "உள்ள தண்ணி சத்தம் கேக்குது" என்று. போய்த் திறந்தால் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, கல் துளை வழியாக வெளியேறி, வாய்க்காலில் ஊருணிக்குப் போக வேண்டும். கட்டினவர்கள் அவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையில் கையை விட்டால் புறா இறகும் வேப்பிலையும் சேர்ந்து பந்து மாதிரி ஒன்று வந்தது. அரை மணி நேரத்தில் முற்றம் வடிந்துவிட்டது. ஆனால் தண்ணீர் அதற்குள் படி ஏறி இரண்டாம் கட்டில் ஒரு சாமான் அறைக்குள் போயிருந்தது. அந்த வாரம்தான் அந்த வீட்டு ஆளிடம், "துளை பார்த்தாச்சா?" என்று கேட்டிருந்தேன். "பார்த்தாச்சுக்கா" என்றார். பொய் இல்லை, பார்த்தார். பார்த்தால் துளை துளையாகத்தான் தெரியும். அடைப்பு ஒரு முழம் உள்ளே. அதற்குப் பிறகு "பார்த்தாச்சா" என்று நான் கேட்பதில்லை. புரட்டாசி முழுக்க, துளையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அது வெளி வாய்க்காலில் வந்து விழுகிறவரை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஆளைத் திட்டவில்லை. தப்பான கேள்வி கேட்டது நான்.

கொத்தனார் கேள்விக்கு வருகிறேன். 2011இல் கோட்டையூரில் ஈரம் ஏறிய ஒரு சுவர். மேஸ்திரி சிமெண்டு வைத்துப் பூசிவிடலாம் என்றார். சுண்ணாம்புதான் வேண்டும் என்றேன். "ஆச்சிமார் பேசுற மாதிரியே பேசுறீங்க. கரண்டி பிடிச்சிருக்கீங்களா?" என்றார், ஆட்கள் முன்னாலேயே. பிடித்ததில்லை. "இல்லண்ணே, கத்துக்குடுங்க" என்றேன். நாலு நாள் கூடவே உட்கார்ந்தேன். சுண்ணாம்பு நீற்றுவது, மணல் சலிப்பது, கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் எவ்வளவு, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கரு எப்போது, கல்லை வைத்து எவ்வளவு நேரம் தேய்ப்பது எல்லாம் பார்த்தேன். என் கை பூசியது கோணல்மாணல்தான். அவர் பேச்சையும் தள்ளவில்லை. பின்சுவரில் ஒரு முழத்துக்கு அவர் சொன்னபடி சிமெண்டு, பக்கத்திலேயே ஒரு முழம் சுண்ணாம்பு. ஒரு மழைக்காலம் போனது. சிமெண்டு பூசிய இடத்தில் உப்புப் பூத்து உப்பிக்கொண்டு நின்றது. உள்ளே இருக்கும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும், சிமெண்டு அதை அடைத்துவிடும். அவரே தட்டி எடுத்தார். இன்றைக்கும் என் வேலைகளுக்கு அவர்தான் மேஸ்திரி. இப்போதும் என்னோடு வாக்குவாதம் செய்வார், செய்ய வேண்டும்.

வேலை வாங்குவதற்கு வேறு பெரிய வித்தை தெரியாது, இரண்டு பழக்கம் உண்டு. வேலை தொடங்கும் நாள் முதல் காரியமாக அந்த வீட்டில் ஒரு கழிப்பறையைத் திறந்து, கழுவி, தொட்டியில் தண்ணீர் ஏற்றிவைப்பேன். வருஷக்கணக்காகப் பூட்டிய வீட்டில் சித்தாள் பெண்கள் என்ன செய்வார்கள் என்று எந்த கான்ட்ராக்டரும் யோசித்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கூலி. பங்காளி பணம் வரவில்லை என்பது கூலிக்காரருக்கு எதற்கு? இரண்டு மாதக் கூலியை எப்போதும் தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன். அதைத் தொடுவதில்லை.

பெண்ணாக இருப்பது இங்கே ஓர் அனுகூலம் என்றே சொல்வேன். முடிவைச் செட்டியார் சொல்வார், முடிவு பண்ணியது ஆச்சியாக இருக்கும். தவிர, பூட்டிய அறைகளில் இருப்பது பெரும்பாலும் சீர் சாமான்: பித்தளை, வெண்கலம், எனாமல், பெயரெழுத்து வெட்டிய பாத்திரங்கள். எது யார் மாமியார் வீட்டிலிருந்து வந்தது என்று ஆச்சிமார்தான் சொல்ல முடியும். அந்த அறையைத் திறக்கும்போது இரண்டு வேறு கிளையிலிருந்து ஆள் நிற்க வேண்டும், வீடியோ ஓட வேண்டும், பட்டியல் எழுத வேண்டும். தனியாகத் திறக்கவே திறக்காதீர்கள், ஒரு கரண்டி எடுப்பதற்குக்கூட. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்பனைக்குக் கிடக்கும் தூணையும் தட்டையும் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுது மாதிரி இருக்கே" என்று யாராவது ஒருவர் உங்களைக் கூப்பிடத்தான் போகிறார். அன்றைக்கு அந்தப் பட்டியல்தான் பேசும்.

இந்தத் தொழில் பெண்ணுக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாட்டுக் கடையில் மூன்று வருஷத் தவணை வேலைக்குப் புருஷன் கப்பல் ஏறிப் போன பிறகு, நெல் வரவு, வேலையாள், கொத்து வேலை, படைப்பு, பிள்ளையார் நோன்பு எல்லாவற்றையும் இந்த வீடுகளில் நடத்தியது யார்? கடலுக்கு அந்தப் பக்கமும் அதே கதைதான். லண்டன் மேரிலெபோனில் 1865இல் ஜான் ரஸ்கின் பணம் போட்டு வாங்கிய குடிசை வீடுகளை ஆக்டேவியா ஹில் என்ற பெண் நிர்வகித்தார். வாரா வாரம் நேரில் போய் வாடகை வாங்குவார், போகும்போதே எது ஒழுகுகிறது, எது உடைந்திருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வார். போட்ட பணத்துக்கு 5 சதவீத வருமானமும் காட்டினார். வேலைக்குப் பெண்களைத்தான் பழக்கினார். அந்த வழியில் வந்தவர்கள் 1916இல் பெண் வீட்டு நிர்வாகிகளுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும், மற்றதற்கு வக்கீல் இருக்கிறார். ஒன்று, பவர், அதாவது ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. பினாங்கில் ஓர் அண்ணன் தவறியது எனக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அவர் பவரில் ஒரு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். தெரியாமல் செய்ததற்குச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது, பங்காளிகள் கொடுப்பதில்லை. இரண்டாவது, பெண்பிள்ளைகள். "சீர் கொடுத்தாச்சு, வீட்டில் பங்கில்லை" என்பது பழைய பேச்சு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று கல்யாணமாகாமல் இருந்த மகள்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டப்படி எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் கதை வேறு. யாருக்குப் பங்கு என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் மாதாமாதம் போகும் பக்கத்தை அத்தைமார்களுக்கும் அனுப்பலாமா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் ஆக்கலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். காரைக்குடியில் 'பங்களா'வை மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி நடத்திக் காட்டினார். கானாடுகாத்தானில் 'விசாலம்' இருக்கிறது, ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிய வீடு. கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' இருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் நாற்பது கையெழுத்துள்ள வீடு ஹோட்டல் ஆகாது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதைச் சொல்லி ஓடு வாங்க முடியாது.

இனிப் பணம். 2010இல் வீட்டுக்கு மாதம் 2,500 வாங்கினேன். நாலு வீட்டுக்குப் பத்தாயிரம், சென்னையில் வாங்கியதில் பாதிகூட இல்லை. இப்போது வீட்டின் அளவைப் பொறுத்து 6,000 முதல் 15,000 வரை. ஷூட்டிங், கல்யாணம் என்று வெளி வருமானம் வந்தால் அதில் பத்தில் ஒன்று. வாங்கும் சாமானிலோ கொத்து வேலையிலோ கமிஷன் கிடையாது. அதைத் தொட்டால் உங்கள் பில் ஒவ்வொன்றும் சந்தேக பில்தான். ஆறு மாதத் தொகை முன்பணமாக வராமல் சாவியை வாங்காதீர்கள். நாலு வீட்டை மட்டும் நம்பி வந்தால் முதல் வருஷம் உங்கள் இப்போதைய சம்பளத்தில் பாதி நின்றாலே நல்ல வருஷம். இரண்டாம் வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்களாகவே கேட்பார்கள், முதல் வருஷ மழையில் உங்கள் வீடு ஒழுகாமல் இருந்தால்.

வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள். ஆவணியில் ஒரு வாரம் லீவு போட்டு வாருங்கள், ராயவரத்தில் ஓடு மாற்றும் வேலை நடக்கும். மாடியில் வௌவால் எச்சம் கணுக்கால் அளவுக்குக் கிடக்கிறது, பழைய செருப்பாகக் கொண்டுவாருங்கள்.